ஐகாம் பொருள் பாதுகாப்புக் கமிட்டியில் தன்னார்வப் பணி: யார் சேரலாம், எதற்காகச் சேரலாம்

நுழைவுச்சீட்டுக் காசை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் ஐகாம் என்ற சர்வதேச அருங்காட்சியகச் சபையின் உறுப்பினர் ஆகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் பதில். அட்டையைக் காட்டினால் ஐரோப்பாவின் பல அருங்காட்சியகங்கள் இலவசமாக உள்ளே விடும், உண்மைதான். ஆனால் அது அந்தந்த அருங்காட்சியகம் தரும் சலுகை, எல்லா இடத்திலும் கேட்டு வாங்கக்கூடிய உரிமை அல்ல. வெளிநாடு அதிகம் போகாத ஒருவர் ஆண்டுதோறும் சந்தா கட்டிவிட்டு அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தால் அந்தப் பணம் வீண். சந்தாவுக்கு உண்மையான பலன் கிடைப்பது ஐகாமின் சர்வதேசக் கமிட்டிகளில் சம்பளமில்லாமல் வேலை செய்யும்போதுதான். அத்தகைய கமிட்டிகள் முப்பதுக்கும் மேல் உண்டு. நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் செப்புத் திருமேனியோடும் பனையோலையோடும் வேலை செய்கிறவர்களுக்கு மிக நெருக்கமானது ஐகாம்-சிசி என்ற பொருள் பாதுகாப்புக் கமிட்டி. அதன் உலோகப் பணிக்குழுவை முன்னால் வைத்து இந்த மதிப்புரை எழுதப்படுகிறது.

ஐகாம் 1946-இல் பாரிஸில் தொடங்கியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், நாடுதோறும் தேசியக் கமிட்டிகள், துறைதோறும் சர்வதேசக் கமிட்டிகள் என்பது அதன் அமைப்பு. ஐகாம்-சிசி 1967-இல் உருவானது. உலோகம், துணி, ஓவியம், தோல், கண்ணாடியும் பீங்கானும், புகைப்படம், ஈரமான தொல்பொருள்கள், முன்தடுப்புப் பாதுகாப்பு என்று அதற்குள் தனித்தனிப் பணிக்குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், அவருக்குக் கீழே சில துணை ஒருங்கிணைப்பாளர்கள். பதவிக்காலம் மூன்றாண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய மாநாட்டோடு ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும். 2017-இல் கோபன்ஹேகன், பெருந்தொற்றால் 2021-இல் இணையவழி நடந்த பெய்ஜிங் மாநாடு, 2023-இல் வலென்சியா, 2026-க்கு ஓஸ்லோ என்று அந்த வரிசை போகிறது. 2008-இல் பதினைந்தாவது மாநாடு புது தில்லியில் நடந்தது. முன்தடுப்புப் பாதுகாப்பு (சேதம் வராமல் காப்பது), சீர்செய் பாதுகாப்பு (நடக்கும் சேதத்தை நிறுத்துவது), மீட்டமைப்பு (பொருளின் தோற்றத்தைப் புரியும்படி மீட்பது) என்ற மூன்றையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று உலகம் முழுவதும் இன்று பின்பற்றப்படும் சொற்தீர்மானம் அந்த தில்லி மாநாட்டில்தான் நிறைவேறியது. நம் துறை அறிக்கைகளில் இந்த மூன்றும் இன்னும் ஒன்றாகக் கலந்து கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சேரும் வழி சுலபம், ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் நாட்டின் தேசியக் கமிட்டி வழியாக ஐகாம் உறுப்பினர் ஆக வேண்டும். அருங்காட்சியகத்தில் வேலை செய்வதற்கான, அல்லது ஓய்வு பெற்றதற்கான சான்று வேண்டும். ஒழுக்க நெறித் தொகுப்பை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். கலைப்பொருளை லாபத்துக்காக வாங்கி விற்கிறவருக்கு இடமே கிடையாது. அதன் பிறகு சர்வதேசக் கமிட்டியையும், அதற்குள் பணிக்குழுவையும் தேர்ந்தெடுக்கலாம். சந்தா நாட்காட்டி ஆண்டுக் கணக்கு. அதனால் அக்டோபரில் சேருகிறவருக்கு மூன்று மாதம்தான் மிஞ்சும். ஜனவரியில் சேருவது நல்லது. அந்த ஆண்டுச் சந்தா நிலுவையில் இருந்தால் வாக்களிக்கவும் முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. தேர்தல் நேரத்தில் நல்ல ஆட்கள் ஒதுங்கிப் போவதற்கு இது அடிக்கடிக் காரணமாகிறது.

அரசு ஊழியர்கள் இதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இந்திய மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 15-ஆம் விதி, எந்த அமைப்பிலும் தேர்தல் மூலம் வரும் பதவியை வகிக்க முன் அனுமதி கேட்கிறது. பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு கோப்பு அனுப்பினால் அது பின்னனுமதி. பல அலுவலகங்களில் அது நகரவே நகராது. வேட்பு மனு கொடுப்பதற்கு ஆறு மாதம் முன்னதாக, பதவியின் பெயர், காலம், ஊதியம் இல்லை என்ற உறுதி, அலுவலக நேரத்தில் எத்தனை மணி நேரம் வேண்டும் என்ற கணக்கு, இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினால் மேலதிகாரிக்கு முடிவெடுப்பது சுலபம். மாநில அரசு ஊழியரும் இலங்கை ஊழியரும் தத்தம் விதிகளைப் பார்த்து எழுத்துமூல அனுமதியோடுதான் இறங்க வேண்டும். தேர்தல் இல்லாமல் ஒருங்கிணைப்பாளரே நியமிக்கும் துணைப் பொறுப்பு இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைக்கும். புதிதாக வருகிறவர்கள் அதில் தொடங்குவதே நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வேலை. மூன்றாண்டும் ஒரே சீராக ஓடாது. முதல் சில மாதங்களில் குழுவின் மூன்றாண்டுத் திட்டத்தை எழுத வேண்டும். பிறகு செய்திமடல், உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில், இடைக்காலக் கூட்டத்துக்கு இடம் தேடுதல். உலோகக் குழுவுக்கு அந்த இடைக்காலக் கூட்டம்தான் முதுகெலும்பு: மெட்டல் என்ற பெயரில் 1995-இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2016-இல் அதுவும் புது தில்லிக்கு வந்தது. 2019-இல் நூஷாடெல், 2022-இல் ஹெல்சின்கி, 2025-இல் கார்டிஃப். அதற்கடுத்துப் பெரிய மாநாட்டின் ஆய்வுச் சுருக்கங்கள் வந்து குவியும். மாதக்கணக்கில் வாரம் ஓரிரு மணி நேரம் போதுமாக இருந்த வேலை அப்போது மாலைப் பொழுதுகளையெல்லாம் விழுங்கிவிடும். பொறுப்பேற்கிறவர் தன் அலுவலகத்தில் கண்காட்சித் திறப்பு எந்த மாதம், கணக்குத் தணிக்கை எந்த மாதம் என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல வேண்டும்.

கமிட்டிப் பணியில் கற்றுக்கொள்ள அதிகம் கிடைப்பது இந்தச் சுருக்கங்களை மதிப்பிடுவதில்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெண்கல நோய் பற்றிய ஒரு சுருக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பச்சைக் களிம்பு நீக்கப்பட்டு சிலை பாதுகாக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் அது தள்ளுபடிக்கு உரியது. களிம்பு எல்லாமே நோய் இல்லை. மலக்கைட் என்ற செப்புக் கார்பனேட்டின் உறுதியான படலம் உலோகத்தைக் காக்கிறது. உள்ளே பதுங்கியிருக்கும் குப்ரஸ் குளோரைடு என்ற செப்பு உப்புதான் ஆபத்து. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்ததும் அது வெளிர்பச்சைப் பொடியாக வெடித்து வெளிவருகிறது. கூடவே உருவாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மறுபடி உலோகத்தைத் தின்று மறுபடி குளோரைடை உண்டாக்குகிறது. ஒப்பு ஈரப்பதம் 42 முதல் 46 சதவீதத்தைத் தாண்டினால் இந்தச் சுழற்சி வேகம் பிடிக்கும். எனவே மதிப்பீட்டாளர் கேட்க வேண்டியவை தெளிவானவை. குளோரைடு இருப்பதை எப்படி உறுதி செய்தார்கள்: எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனையா, வெள்ளி நைட்ரேட் சோதனையா? செம்பு அரிக்காமல் தடுக்கும் பென்ஸோட்ரையஸோல் பயன்படுத்தியிருந்தால் எத்தனை சதவீதம், எந்தக் கரைப்பானில், எத்தனை மணி நேரம்? வழக்கமாக எத்தனாலில் 3 சதவீதம் என்பார்கள். எண் குறிப்பிடப்படாவிட்டால் அந்தச் சோதனையை இன்னொருவர் திருப்பிச் செய்ய முடியாது. அந்த வேதிப்பொருள் உடலுக்குக் கெடுதல் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு சிலையை எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு காலம் வைத்துப் பார்த்தார்கள்? அதிகப் பேர் சறுக்குவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். சிகிச்சை முடிந்த அன்று எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. ஒரு மழைக்காலமாவது தாண்டியிருக்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டியில் உலர்த்தி வைத்தோம் என்று எழுதுகிறவர்களிடம் கேட்கவும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கன மீட்டருக்கு ஈரத்தை உறிஞ்சும், பதப்படுத்திய சிலிக்கா ஜெல் 20 கிலோ என்பது பழைய அளவு. பெட்டியின் காற்று நாளுக்கு ஒரு முறைக்கு மேல் மாறுகிற அளவுக்குக் கசிவு இருந்தால் அந்த அளவு சென்னை மாதிரியான ஊரில் சில வாரங்களிலேயே களைத்துவிடும். கசிவை அளந்தார்களா என்று கேட்டால் பாதிச் சுருக்கங்கள் மௌனமாகிவிடும்.

நம்மவர்கள் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் வருகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930-இல் தொடங்கியது. செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கிய நீண்ட அனுபவம் இங்கே இருக்கிறது. அதைவிட முக்கியம், வழிபாட்டில் இருக்கும் உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். புளி போட்டுத் தேய்த்த திருமேனியும், பாலும் தயிரும் இளநீரும் ஊற்றி அபிஷேகம் கண்ட திருமேனியும், மண்ணில் புதைந்து கிடந்து எடுத்த திருமேனியும் மூன்று வேறு பொருள்கள். புளியின் அமிலம் படலத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைக்கிறது. பள்ளங்களில் தங்கும் பாலும் தயிரும் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. ‘தொடாதே, உலர்வாக வை’ என்ற ஆலோசனை கண்காட்சிப் பெட்டிக்குச் சரி, கருவறைக்குச் செல்லாது. இதைச் சொல்ல ஆள் இல்லாத குழுவில், வழிபாட்டுப் பொருள் பற்றிய நல்ல சுருக்கம்கூட ‘கட்டுப்பாடற்ற சூழல்’ என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்படலாம். துணை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அந்தச் சூழலை இரண்டு பத்தியில் விளக்கிவிட்டால் முடிவு மாறும்.

தன் நிறுவனத்திலிருந்தோ தன் பழைய மாணவரிடமிருந்தோ வந்த சுருக்கத்தை மதிப்பிடக் கூடாது. இது எழுதப்படாத மரியாதை என்று விட்டுவிடாமல், சுற்று தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் விலகும் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் போட்ட பிறகு விலகினால் எல்லாருடைய கணக்கும் குழம்பும்.

உலோகக் குழுவின் புரோமெக் என்ற ஆய்வுச் செய்திமடல் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளிலும் வந்ததற்குப் பின்னால் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பு இருக்கிறது. ஐகாமின் அலுவல் மொழிகளும் இந்த மூன்றுதான். தமிழிலோ சிங்களத்திலோ இந்தியிலோ மட்டும் அறிக்கை எழுதிப் பழகிய ஆய்வுக்கூடப் பணியாளருக்கு இது உண்மையான தடை. திறமைக் குறைவால் வருவது அல்ல, மொழியால் மட்டும் வருவது. உள்ளூர் ஆய்வுக்கூடங்களின் சிகிச்சைப் பதிவுகளை ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கமாக்கிச் செய்திமடலுக்கு அனுப்புவதை ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாலே போதும், இந்தக் கமிட்டியில் அதைவிடப் பயனுள்ள வேலை அதிகம் இல்லை.

கூட்டங்கள் இணையவழிதான். இங்கே கெடுப்பது நேரம். பிரேசில், ஐரோப்பா, இந்தியா, ஆஸ்திரேலியா நான்கையும் ஒன்றாக உட்கார வைக்க உலகப் பொது நேரம் 11 மணி ஏறத்தாழ ஒன்றே வழி: சென்னையிலும் கொழும்பிலும் மாலை நாலரை, சாவோ பாலோவில் காலை எட்டு, மெல்போர்னில் இரவு ஒன்பது, அங்கே கோடைக்காலமானால் பத்து. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறது, நாம் மாற்றுவதில்லை. அழைப்பில் ‘பாரிஸ் நேரம்’ என்று மட்டும் இருந்தால் அந்த இரண்டு வாரங்களில் ஆட்கள் ஒரு மணி நேரம் தவறி வருவது நிச்சயம். உலகப் பொது நேரத்தைப் போட்டு அனுப்புவதே சரி.

மினிட்ஸ் என்ற கூட்டக் குறிப்பு எழுதுவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். குழு உயிரோடு இருக்கிறதா என்பதை அந்தத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். யார் என்ன பேசினார் என்பது வேண்டாம். என்ன முடிவு, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்று கட்டம் போதும், ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். அதைவிட அதிகமாகக் குழுக்களைக் கவிழ்ப்பது கைமாற்றம். செய்திமடல் பட்டியலும் கோப்புகளும் ஒருவரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கும்; அவர் வேலை மாறியதும் எல்லாம் போகும்; புது ஒருங்கிணைப்பாளர் முதல் ஆறு மாதத்தைப் பட்டியல் தேடுவதிலேயே கழிப்பார். பொறுப்புக்கு ஒரு கணக்கு, கடவுச்சொல் இரண்டு பேரிடம், பதவி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதியவரோடு சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டம், இவை இருந்தால் தப்பிக்கலாம். உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை என்பதையும் மறக்கக் கூடாது. குழு அஞ்சலை எல்லா முகவரியும் தெரியும்படி அனுப்புவதும், அந்தப் பட்டியலைத் தன் பயிற்சி வகுப்பு விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் பெரிய தவறு.

பணம் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லை, அமர்வுப் படி இல்லை. கமிட்டி பதவியில் இருப்பதால் மாநாட்டுக் கட்டணமோ விமானச் சீட்டோ தானாகக் கிடைத்துவிடாது. உதவித்தொகைகள் உண்டு, போட்டியும் உண்டு. உதவித்தொகை கிடைத்தவர்கள்கூடக் கடைசியில் போக முடியாமல் நிற்பது பெரும்பாலும் விசாவால். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனை 15 நாள் என்று சொன்னாலும் நேர்காணல் நாள் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். குறைந்தது 30,000 யூரோ பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், அழைப்புக் கடிதம், அரசு ஊழியரானால் தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். உதவித்தொகை முடிவு மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு வந்தால் தெற்காசியாவிலிருந்து வருகிறவருக்கு அது பயன்படாது. கமிட்டியில் இருப்பவர் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய விஷயம் இது: முடிவை ஐந்து மாதம் முன்பே அறிவிக்கச் சொல்ல வேண்டும்.

பெயருக்குப் பின்னால் கமிட்டிப் பதவி வந்ததும் வேறொரு தொல்லை வரும். ‘வீட்டில் பழைய சிலை இருக்கிறது, அசலா, என்ன விலை போகும்’ என்று கேட்டுப் படம் அனுப்புவார்கள். 1986-இல் புவெனஸ் ஐரஸில் ஏற்கப்பட்டு 2004-இல் சியோலில் திருத்தப்பட்ட ஐகாம் நெறித்தொகுப்பு இதில் தெளிவாக இருக்கிறது: பண மதிப்பு பற்றிய கருத்தை மற்ற அருங்காட்சியகமோ உரிய அரசு அதிகாரமோ அதிகாரபூர்வமாகக் கேட்டால்தான் சொல்லலாம். நம் கோயில்களிலிருந்து திருமேனிகள் எப்படியெல்லாம் வெளியே போயின என்று தெரிந்த யாருக்கும் இந்த விதியின் அருமை புரியும். பதிலே அனுப்பாமல் இருப்பது போதாது. மதிப்பிட முடியாது என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ‘நல்ல வேலைப்பாடு’ என்ற இரண்டு சொல்கூட விற்பனைக் கோப்பில் சான்றிதழாக ஒட்டப்பட்டுவிடும்.

குறைகளில் பெரியது வேகமின்மை. அருங்காட்சியகம் என்றால் என்ன என்ற வரையறையை மாற்றும் வாக்கெடுப்பு 2019-இல் கியோட்டோவில் ஒத்திப்போடப்பட்டது. பிறகு கமிட்டி கமிட்டியாக முக்கியச் சொற்களைக் கேட்டு, தொகுத்து, மறுபடி அனுப்பி, 2022 ஆகஸ்ட் 24-இல் பிராகில் 92.41 சதவீத ஆதரவோடு புதிய வரையறை நிறைவேறியது. மூன்று ஆண்டு. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த அமைப்பு ஒத்துவராது. ஆனால் கியோட்டோவில் பிளந்து கிடந்த சபை பிராகில் ஏறத்தாழ ஒரே குரலில் வாக்களித்ததற்கு அந்தச் சலிப்பூட்டும் கேள்வித்தாள்கள்தான் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொரு குறை, பொறுப்புகள் ஐரோப்பா, வட அமெரிக்காப் பக்கமே சாய்ந்திருப்பது. அங்குள்ள பல நிறுவனங்கள் கமிட்டி வேலையை அலுவலக வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. இங்கே அது விடுமுறை நாளில் செய்யும் சொந்த வேலை. இந்த ஏற்றத்தாழ்வு தானாகச் சரியாகாது.

ஆக, ஆய்வுக்கூடத்தில் ஐந்தாறு ஆண்டு கையால் வேலை செய்து, எழுதவும் பழகியவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இப்போதுதான் பயிற்சி முடித்தவர் ஓராண்டு செய்திமடல் வேலை பார்த்துவிட்டு வரட்டும். சான்றிதழுக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் மட்டும் வருகிறவர் முதல் மதிப்பீட்டுச் சுற்றிலேயே சோர்ந்துபோவார். அவர் விட்டுப்போன வேலையை மற்றவர்கள் சுமக்க வேண்டியிருக்கும்.

ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும் முதல் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தப் பொருள்களில் வேலை செய்திருக்கிறீர்கள், மாதம் எத்தனை மணி நேரம் நிச்சயம் தர முடியும், எந்த மாதங்களில் முடியாது, எந்த மொழிகளில் படித்து எழுத வரும், அலுவலக அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசியில் ஒரே ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: செய்திமடலில் தெற்காசியச் செய்திகள், அல்லது வழிபாட்டு உலோகம் பற்றிய சுருக்கங்களின் மதிப்பீடு. புதிய மூன்றாண்டுச் சுற்று தொடங்கும் மாநாடு முடிந்த முதல் இரண்டு மாதங்களில் இந்தக் கடிதம் போனால், துணை ஒருங்கிணைப்பாளர்களைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சரியாகப் போய்ச் சேரும்.